ஹெம்ப் பயிரிட அனுமதி என்றால் கஞ்சாவுக்கு அனுமதியா? சட்டமும் வயலும்

2025 ஜனவரியில் இமாச்சலப் பிரதேச அமைச்சரவை ஒரு சோதனைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கஞ்சாச் செடியைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்து வளர்க்க முடியுமா என்று பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் ஆராய வேண்டும் என்பது முடிவு. இதற்கு முன் 2023-ல் வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் குழு அமைத்து, 2024 செப்டம்பரில் அதன் அறிக்கையைச் சட்டப்பேரவை ஏற்றிருந்தது. பக்கத்து மாநிலமான உத்தராகண்ட் 2018-லேயே உரிமம் கொடுத்துவிட்டது.

இந்தச் செய்தி தமிழில் வரும்போது ஒரு இடத்தில் "கஞ்சா சாகுபடி" என்றிருக்கும், இன்னொரு இடத்தில் "சணல் சாகுபடி" என்றிருக்கும். படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? இரண்டுமே முழுதாகச் சரியில்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

பெயர்க் குழப்பம்

நம்மூரில் சணல் என்றால் கோணிப்பை, சாக்கு. அது வங்காளத்தில் விளையும் ஜூட். சணப்பு என்றால் நெல் நடவுக்கு முன் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிர்; மஞ்சள் பூ, அவரை இனம். இரண்டுக்கும் கஞ்சாவுக்கும் எந்த உறவும் இல்லை. சணப்பையும் ஆங்கிலத்தில் ஒரு வகை "ஹெம்ப்" என்றே சொல்வதால், அகராதிகள் ஹெம்ப்புக்குச் சணல், சணப்பு என்றெல்லாம் பொருள் கொடுத்துவிட்டன. போதாததற்குக் கஞ்சாச் செடியைத்தான் ஆங்கிலேயர் "இந்திய ஹெம்ப்" என்றார்கள்.

இந்தக் கட்டுரையில் ஹெம்ப் என்றால் ஒரே பொருள்தான்: கஞ்சாச் செடியேதான், ஆனால் போதைச் சத்து மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். ஒன்றோடொன்று மகரந்தச் சேர்க்கை நடக்கும், விதை பிடிக்கும். சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

போதை எங்கே இருக்கிறது?

செடியில் போதை தரும் பொருள் டி.எச்.சி. போதை தராத, மருந்தாகவும் எண்ணெயாகவும் விற்கப்படும் பொருள் சி.பி.டி. இரண்டும் பெண் பூங்கொத்தைச் சுற்றியுள்ள பிசின் சுரப்பிகளில்தான் அதிகம் சேர்கின்றன. தண்டில் பெயரளவுக்குத்தான். விதைக்குள் கிட்டத்தட்ட இல்லை.

பச்சைச் செடியில் டி.எச்.சி. நேரடியாக இருப்பதும் சொற்பமே. அதன் அமில வடிவமான டி.எச்.சி.ஏ.தான் இருக்கும். சூடுபட்டால் அது கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி. ஆகிறது. கஞ்சாவைப் புகைப்பதற்குக் காரணமே இந்த வேதியியல்தான். பரிசோதனைக்கூடக் கணக்கில் இது மறுபடி வரும்.

எந்தச் செடி ஹெம்ப், எந்தச் செடி கஞ்சா என்று பிரிக்க உலகம் பரவலாகப் பயன்படுத்தும் கோடு 0.3 சதவீதம்: காய்ந்த பூங்கொத்து, இலை எடையில் டி.எச்.சி. அதற்குள் இருக்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்கரான ஆர்தர் குரோன்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1976-ல் இந்தச் செடியை வகைப்படுத்த வைத்த எல்லை அது. வசதிக்காக வைத்த கோடு என்பதை அவர்களே மறைக்கவில்லை. 0.3-க்கு மேல் போனால் போதை ஏறிவிடும் என்று யாரும் நிரூபித்து வைத்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியம் நெடுங்காலம் 0.2 வைத்திருந்து 2023 முதல் 0.3 ஆக்கியது, சுவிட்சர்லாந்து 1 சதவீதம் வைத்திருக்கிறது. இமாச்சல், உத்தராகண்ட் பேசுவது 0.3.

இந்தியச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

"ஹெம்ப்பைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா, கூடாதா" என்று இரு தரப்பும் வாதிடுவதைக் கேட்டால், இப்போது முழுத் தடை இருப்பதுபோலத் தோன்றும். 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை, அதாவது காவல் நிலையங்களில் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் சட்டத்தை, வரிசையாகப் படித்தால் படம் வேறு.

1. பிரிவு 8 கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. பிரிவு 20-ன்படி செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எத்தனை செடி என்ற கணக்கு இங்கே இல்லை.

2. "கஞ்சா" என்பதன் வரையறை, பூத்த அல்லது காய்த்த நுனிப் பகுதி. நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரா. வடமாநிலங்களில் கஞ்சா இலையில் செய்யும் பாங் என்ற போதைப் பொருளை அரசு உரிமத்தோடு கடையில் விற்பது இதனால்தான்.

3. பிரிவு 14 ஒரு விலக்கு. நார் அல்லது விதை எடுக்கும் தொழில் நோக்கத்துக்கு மட்டும், அல்லது தோட்டக்கலை நோக்கத்துக்கு, கஞ்சாச் செடி வளர்க்க அரசு நிபந்தனைகளோடு ஆணை பிறப்பிக்கலாம். 1961-ன் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் 28-வது விதியிலும் இதே விலக்கு இருக்கிறது.

4. பிரிவு 10 கஞ்சாச் செடி வளர்ப்பை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது.

5. "கஞ்சாச் செடி" என்பதன் வரையறையில் 0.3 என்ற எண்ணோ வேறு சதவீதமோ இல்லை. அந்தப் பேரினத்தின் எந்தச் செடியும் கஞ்சாச் செடியே.

ஆக, கதவு 40 ஆண்டுகளாகத் திறந்தே இருக்கிறது. பாராளுமன்றம் புதுச் சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. ஐந்தாவது விஷயத்தைத்தான் உழவர் கவனிக்க வேண்டும். டி.எச்.சி. வரம்பு தாய்ச் சட்டத்தில் இல்லை, மாநிலம் போடும் ஆணையின் நிபந்தனையில் இருக்கிறது. வரம்பைத் தாண்டிய பயிர் "தரம் குறைந்த ஹெம்ப்" ஆகாது. உரிம நிபந்தனை மீறல் ஆகிவிடும், பிரிவு 20-க்குள் விழும் ஆபத்தும் வரும். அமெரிக்காவில் 1 சதவீதம் வரை தாண்டினாலும், நியாயமான கவனம் எடுத்த உழவர் மீது அலட்சியக் குற்றம் சுமத்தக் கூடாது என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். பயிர் அழியும், ஆள் தப்பிப்பார். நம் விதிகளில் இப்படி ஒரு இடைவெளி வைக்கவில்லை என்றால் சிறு உழவர் இந்தப் பயிர் பக்கம் வராமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் உண்டு. பிரிவு 14 சொல்வது நாரும் விதையும்தான், பூ அல்ல. சி.பி.டி. பூவிலிருந்து வருகிறது. ஹெம்ப் என்றாலே சி.பி.டி. எண்ணெய் என்று விளம்பரம் பார்த்து நம்புகிறவர்கள், அதற்கு இந்த விலக்கு போதாது, தனி உரிமங்கள் தேவை என்பதைக் கவனிப்பதில்லை.

பரிசோதனைக்கூடத்தில் நடக்கும் கணக்கு

சர்ச்சையில் பாதிக்கு மேல் அளக்கும் முறையைப் பற்றியது. ஒரு மாதிரியின் முடிவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: டி.எச்.சி. 0.05 சதவீதம், டி.எச்.சி.ஏ. 0.30 சதவீதம்.

டி.எச்.சி.யை மட்டும் பார்த்தால் 0.05. வரம்புக்கு வெகு கீழே. தேர்ச்சி.

மொத்த டி.எச்.சி. பார்த்தால்: அமில வடிவம் சூட்டில் மாறும்போது எடை குறையும் என்பதால் அதை 0.877-ஆல் பெருக்க வேண்டும். 0.30-ஐ 0.877-ஆல் பெருக்கினால் 0.263. அதோடு 0.05 சேர்த்தால் 0.313. தோல்வி.

அளவீட்டுப் பிழையையும் சேர்த்துப் பார்த்தால்: கூடத்தின் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 0.06 என்றால், உண்மை அளவு 0.253-க்கும் 0.373-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கீழ் எல்லை 0.3-க்குள் வந்துவிட்டதால் அமெரிக்க வேளாண் துறை விதிப்படி தேர்ச்சி.

ஒரே செடி, ஒரே இயந்திரம். எந்த வரியை விதியில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து உழவர் தப்புகிறார் அல்லது மாட்டுகிறார்.

மாதிரி எடுக்கும் இடமும் முடிவை மாற்றும். அமெரிக்காவில் பூங்கொத்து நுனியிலிருந்து 5 முதல் 8 அங்குலம் வெட்டுகிறார்கள். ஐரோப்பாவில் 30 சென்டிமீட்டர். நீளமாக வெட்டும்போது இலையும் தண்டும் கலந்து சதவீதம் இறங்கும். நாளும் முக்கியம். பூ முற்ற முற்ற அளவு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அறுவடைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் மாதிரி எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் வரையறுத்தார்கள். முதலில் 15 நாள் என்றுதான் வைத்தார்கள். மாதிரி எடுக்க ஆளும், சோதிக்கக் கூடமும் போதாமல் நீட்ட வேண்டியதாயிற்று. மலைப் பாதையில் ஒரு மாதிரி கூடம் போய்ச் சேரவே நாள் பிடிக்கும் இமாச்சலுக்கு இது சின்னப் பாடமில்லை. வழியில் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினால் பூஞ்சை பிடித்து மாதிரியே வீண். காகிதப் பையில்தான் போக வேண்டும்.

விதை: ஒரு தலைமுறையில் கைவிட்டுப் போகும் குணம்

வெயிலில் வாடினால், உரம் குறைந்தால் டி.எச்.சி. ஏறிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு மரபணுவைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டியது. செடியில் ஒரு முன்னோடிப் பொருள் உருவாகிறது. அதை டி.எச்.சி. பக்கம் திருப்பும் நொதியா, சி.பி.டி. பக்கம் திருப்பும் நொதியா எது இருக்கிறது என்பதைப் பெற்றோரிடமிருந்து வரும் மரபணு தீர்மானிக்கிறது.

இங்கே இரண்டு பொறிகள்.

1. சி.பி.டி. நொதி மட்டுமே உள்ள செடியிலும் கொஞ்சம் டி.எச்.சி. ஒழுகும். சி.பி.டி. 25 பங்கு என்றால் டி.எச்.சி. சுமார் ஒரு பங்கு. சி.பி.டி. 2 சதவீதமுள்ள செடியில் டி.எச்.சி. 0.08, கவலையில்லை. சி.பி.டி. 7.5 ஆனால் டி.எச்.சி. 0.3-ஐத் தொட்டுவிடும். சி.பி.டி. 10 என்று பெருமையாக விதை விற்பவரிடம் வாங்கினால் பயிர் தோற்பது கிட்டத்தட்ட உறுதி. அதிக சி.பி.டி.யும் 0.3-க்குள் டி.எச்.சி.யும் ஒரே செடியில் முற்றும் வரை நிற்பது கஷ்டம்.

2. ஹெம்ப் செடியின் மேல் காட்டுக் கஞ்சாவின் மகரந்தம் விழுந்தால், அடுத்த தலைமுறைச் செடியில் இரண்டு நொதியும் இருக்கும், டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறக்குறையச் சம அளவில் வரும். மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் பறக்கக் கூடியது. இமயமலைச் சரிவுகளில் இந்தச் செடி சாலையோரத்திலும் களையாக முளைக்கிறது. சரஸ் என்ற கஞ்சாப் பிசின் எடுக்கும் மலானா போன்ற ஊர்கள் இருக்கும் குல்லுப் பகுதியில், சொந்த வயலில் எடுத்த விதையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளும் உழவர் தெரியாமலேயே வரம்பைத் தாண்டுவார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "ஹெம்ப் வயலுக்குள் கஞ்சாவை ஒளித்து வளர்ப்பார்கள்" என்பது எதிர்ப்பாளர்கள் முதலில் சொல்லும் வாதம். கஞ்சா வளர்ப்பவர் மகரந்தமே படாமல், விதையில்லாத பெண் பூவுக்காக ஆண் செடிகளைப் பிடுங்கிப் போடுகிறவர். ஆண் செடிகள் நிறைந்த ஹெம்ப் வயலுக்குள் வைத்தால் அவர் சரக்கு விதை பிடித்து வீரியம் இறங்கிவிடும். நார் வயலும் நெருக்கமாக, ஆள் உயரத்தைத் தாண்டி மூங்கில் போல நிற்கும். பூவுக்கான செடி இடைவெளி விட்டுப் புதராக நிற்கும். பார்த்தாலே தெரியும். ஆனால் சி.பி.டி. பூவுக்கான ஹெம்ப் வயலுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதுவும் இடைவெளி விட்ட பெண் புதர்கள்தான். கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. காவல் துறையின் அச்சம் நாருக்குப் பொருந்தாது, பூவுக்குப் பொருந்தும்.

வெளிநாட்டு விதை இறக்கினால் தீர்ந்துவிடுமா? கஞ்சாச் செடி பகல் குறையும்போது பூக்கும் இனம். பிரான்சில் உருவான ஃபெடோரா, ஃபியூச்சுரா போன்ற ரகங்கள் 16 மணி நேரக் கோடைப் பகலில் உயரமாக வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கும்படி பழக்கப்பட்டவை. பாலம்பூரில் மிக நீண்ட பகலே 14 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சென்னையில் 13 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. இங்கே விதைத்தால் முளைத்த சில வாரங்களிலேயே, இடுப்பளவு கூட வளராமல் பூத்துவிடும். நாரும் இல்லை, நல்ல விதையும் இல்லை. தமிழ்நாட்டில் யாராவது ஐரோப்பிய ஹெம்ப் விதை விற்க வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அட்சரேகையில் சோதித்தது என்பதுதான். சீனாவின் யுன்னான் மாகாணம் தன் தெற்குப் பகல் நீளத்துக்கு ஏற்ப யுன்மா என்ற சொந்த ரகங்களை உருவாக்கிக்கொண்ட பிறகே அங்கே இந்தப் பயிர் நிலைத்தது.

இமாச்சல் பல்கலைக்கழகங்களிடம் ஆய்வைக் கொடுத்தது சரியான முடிவு என்று சொல்வது இதனால்தான். உள்ளூர் ரகத்துக்கு மண்ணும் பகலும் பழக்கம், டி.எச்.சி. அதிகம். வெளிநாட்டு ரகத்துக்கு டி.எச்.சி. குறைவு, பகல் ஒத்துவராது. இரண்டையும் இணைத்து ஒரு ரகம் வரப் பல பருவங்கள் ஆகும்.

தண்டிலிருந்து நார் வரை

நாருக்கென்றால் ஹெக்டேருக்கு 40 முதல் 60 கிலோ விதை, நெருக்கமாக. விதைக்கென்றால் 20 முதல் 30 கிலோ. தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. இளம் பயிர் இரண்டு நாள் நீரில் நின்றாலே மஞ்சளடித்து நின்றுவிடும்.

1. அறுவடை: ஆண் செடிகள் மகரந்தம் உதிர்க்கும் சமயத்தில் நார்ப் பயிரை வெட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் நார் கட்டையாகும்.

2. ஊறவிடுதல்: பட்டையையும் உள்தண்டையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நுண்ணுயிர்கள் தின்ன வேண்டும். பனியில் வயலிலேயே கிடத்தினால் 2 முதல் 5 வாரம், நடுவில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். குளத்தில் அமிழ்த்தினால் 7 முதல் 14 நாள். நார் நன்றாக வரும், ஆனால் தேங்காய் மட்டை ஊறும் காயல் நாறுவது போல நாறும், மீன் சாகும். குறைவாக ஊறினால் நார் பிரியாது. கூடினால் நாரே இற்றுப்போகும். அந்த ஓரிரண்டு நாளைப் பிடிப்பது கைப்பழக்கம்.

3. காயவைத்துக் கட்டுதல்: ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

4. உரித்தல்: நார் உரிக்கும் இயந்திரம் தண்டை நசுக்கிப் பட்டை நாரையும் உள்தண்டுச் சக்கையையும் பிரிக்கும். 8 டன் காய்ந்த தண்டில் சுமார் 2 டன்தான் பட்டை நார். மீதி 6 டன் சக்கை. சக்கைக்குக் கால்நடைப் படுக்கை, சுண்ணாம்பு கலந்த கட்டுமானக் கல் என்று வாங்க ஆள் இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

தண்டு எடை குறைவு, இடம் அடைக்கும். லாரியில் பாதி காற்றைத்தான் ஏற்றிப்போகிறோம். இயந்திரம் வயலுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும். மலை மாவட்டத்தில் இன்னும் மோசம். உத்தராகண்டில் உரிமம் வந்த பிறகும் சாகுபடி பெரிதாகப் பரவாததற்கு விதையையும் இயந்திரத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விதைப் பயிரை இயந்திரத்தில் அறுத்தால் சுழலும் தண்டுகளில் நார் சுற்றி, உராய்வில் சூடேறித் தீப்பிடிப்பது தெரிந்த விபத்து. அறுத்த விதையை அன்றே காற்றோட்டத்தில் போட்டு ஈரத்தை 9 சதவீதத்துக்குள் இறக்காவிட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

விற்கும் இடம்

2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றது. டி.எச்.சி. வரம்பு விதைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெய்க்கு 10 மில்லிகிராம். வயலில் 0.3 சதவீதம் என்றால் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம், வித்தியாசத்தைப் பாருங்கள். விதைக்குள் டி.எச்.சி. இல்லையே, ஏன் தோற்கிறது? விதையை மூடியிருக்கும் பூவடிச் செதிலின் பிசின் விதைத் தோலில் ஒட்டிக்கொள்கிறது. வயலில் தேர்ச்சி பெற்ற பயிரின் எண்ணெய், சரியாகப் புடைத்துச் சுத்தம் செய்யாததால் கடையில் தோற்கலாம்.

விலைக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 2018 டிசம்பரில் அங்கே முழு அனுமதி வந்தது. எல்லோரும் சி.பி.டி. பூவுக்குப் பாய்ந்தார்கள். வேளாண் துறைக் கணக்குப்படி 2021-ல் ஹெம்ப் விளைச்சலின் மதிப்பு 82.4 கோடி டாலர். அடுத்த ஆண்டே 23.8 கோடி. விற்காமல் தேங்கிய சி.பி.டி.யை அமிலத்தில் மாற்றிப் போதை தரும் வேறு வகை டி.எச்.சி. ஆக்கி மிட்டாயாக விற்றார்கள். சட்டத்தின் வரையறை ஒரே ஒரு வகை டி.எச்.சி.யை மட்டும் பெயர் சொல்லியிருந்ததால் இதற்கு வழி கிடைத்தது. 2025 நவம்பரில் வரையறையை மொத்த டி.எச்.சி.யாக மாற்றி, ஒரு பொட்டலத்துக்கு 0.4 மில்லிகிராம் என்று இறுக்கினார்கள். நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம் வைத்தார்கள்.

ஒரு மாநிலம் ஆணை வெளியிட்டால் எங்கே பார்ப்பது?

1. வரம்பு மொத்த டி.எச்.சி.யா, தனி டி.எச்.சி.யா? பிழை வரம்பு கணக்கில் உண்டா?

2. மாதிரியை யார், செடியின் எந்த இடத்தில், அறுவடைக்கு எத்தனை நாள் முன் எடுப்பார்? மறுசோதனைக்குப் பாதி மாதிரி உழவர் தரப்பில் இருக்குமா?

3. தாண்டினால் பயிர் மட்டும் அழிக்கப்படுமா, வழக்கும் வருமா? சான்றிதழ் பெற்ற விதையாலேயே தாண்டினால் நட்டம் யாருடையது?

4. விதை எங்கிருந்து, அந்த அட்சரேகையில் எத்தனை பருவம் சோதித்தது?

5. உரிமம் தருவது கலால் துறையா, வேளாண் துறையா? ஊர்க் காவல் நிலையத்துக்கு வயலின் சர்வே எண்ணோடு தகவல் போகுமா? பிரிவு 47-ன்படி சட்டவிரோதச் சாகுபடியைப் பற்றித் தகவல் தர வேண்டிய கடமை கிராம அலுவலருக்கு இருக்கிறது. எந்த வயலுக்கு உரிமம் உண்டு என்ற பட்டியல் அவர் கையில் இல்லாவிட்டால், பச்சையாக நிற்கும் செடியைப் பார்த்து அவர் கஞ்சா என்றுதான் எழுதுவார். செடியின் பெயர் அளவில் அது பொய்யும் இல்லை.